பெயர் ஊறும் காலம்

ஊரில் எல்லோருக்கும் திடீரென்று பெயர் கெட்டுப்போய்விட்டது. நடத்தையால் அல்ல, எழுத்தால்.

அதுவரை பெயர்கள் நன்றாகத்தான் இருந்தன. கூப்பிட்டால் திரும்பினார்கள். வேலை சொல்லக் கூப்பிட்டால் மட்டும் திரும்பவில்லை. அது உலக வழக்கம். எழுத்தய்யா என்பவர் வந்து, மூடிக் கிடந்த பழைய நாடக அரங்கத்தை வாடகைக்குப் பிடித்து, வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்த பிறகுதான் ஜனங்களுக்கு விஷயம் புரிந்தது. தொழில் படுத்ததற்கும், முடி கொட்டியதற்கும், மருமகள் எதிர்த்துப் பேசியதற்கும் ஒரே காரணம்தான். பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடியிருக்கிறது. அல்லது குறைந்திருக்கிறது. கூடியவர்களுக்குக் குறைத்துக் கொடுத்தார். குறைந்தவர்களுக்குக் கூட்டிக் கொடுத்தார். "உங்கள் பெயர் சரியாகத்தான் இருக்கிறது, போய் வாருங்கள்" என்று அவர் யாரையும் திருப்பி அனுப்பியதாகத் தகவல் இல்லை.

விடிவதற்கு முன்பே வரிசை நின்றது. முடிதிருத்தும் கடைக்காரர் தன் கடைப் பெயரில் மூன்று எழுத்துகள் சேர்த்தார். பெயர் நீண்டுபோய்ப் பலகையில் இடம் போதவில்லை. கத்தரிக்கோல் படத்தை அழித்து இடம் பண்ணினார். அது என்ன கடை என்று தெரியாமல் வாடிக்கையாளர்கள் தாண்டிப் போக ஆரம்பித்தார்கள். கூட்டம் குறைகிறதே, இன்னோர் எழுத்து சேர்க்க வேண்டுமோ என்று அவர் மறுபடி வந்து வரிசையில் நின்றார். சலவைக் கடை நடத்தும் ஓர் அம்மாள் தன் பெயரில் ஓர் 'எல்' கூட்டினார். அந்த மாதமே துணி குவிந்தது. எதிர்ச் சலவைக் கடைக்காரர் அதே மாதம் கடையை மூடிவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார் என்பதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அம்மாளும் சேர்க்கவில்லை. போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்த 'எல்'லைப் பற்றியே பேசினார்.

ஊருக்கெல்லாம் பெயர் திருத்துகிறவரின் சொந்தப் பெயர் என்ன, அதை எப்படி எழுதுகிறார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

இந்த வரிசையில்தான் ஒரு நாள் ஸ்பீக்கரும் வந்து நின்றார்.

ஸ்பீக்கர் என்பது எழுத்தய்யா வைத்த பெயர் அல்ல. கூட வேலை செய்கிறவர்கள் வைத்தது. உரிமம் புதுப்பிக்கும் அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. கூடத்தில் காத்திருப்பவர்களைக் கூப்பிடும் ஒலிபெருக்கி ஒரு நாள் பழுதானது. அது சரியாகும் வரை தற்காலிகமாக நீ கூப்பிடு என்று மேலதிகாரி இவரை நிறுத்தினார். ஒலிபெருக்கியைப் பழுது பார்க்கும் கோப்பு இன்னும் மேசை மேசையாக நடந்துகொண்டிருக்கிறது. இவரும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். அடிவயிற்றிலிருந்து வரும் குரல். அவர் ஒரு பெயரைச் சொன்னால் அந்தப் பெயர்க்காரர் எழுந்திருப்பார். பக்கத்தில் தூங்குகிறவரும் எழுந்திருப்பார். தெருவில் போகிறவர் ஒரு நிமிஷம் நின்று, நம் பெயர்தானோ என்று யோசித்துவிட்டுப் போவார்.

எப்போதாவது ஒருவர் எழுந்திருக்க மாட்டார். ஸ்பீக்கர் காகிதத்தை மறுபடி பார்ப்பார். எழுத்து தப்பாக இருக்கும். திருத்திக் கூப்பிட்டால் ஆள் ஓடி வந்துவிடுவார். ஆக, கூப்பிட்டு ஒருவர் திரும்பவில்லை என்றால் கோளாறு ஆளில் இல்லை, காகிதத்தில்தான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் இந்த விதி ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை. அலுவலகத்துக்கு அது நல்ல விதி. அதை அவர் வீட்டுக்கும் எடுத்துப் போனதுதான் வினை.

வீட்டில் அவருக்கு ஒரு மகள். ஒரு வயது முடிந்து, சுவரைப் பிடித்து நடக்கிற பருவம். சிரிப்பாள், கடிப்பாள், அப்பாவின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கி நக்கிப் பார்ப்பாள். கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டாள். கூடம் நிறைய ஜனங்களை ஒரு வார்த்தையில் எழுப்புகிற மனிதர், தன் மகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். அவள் பாட்டுக்கு நூல்கண்டை உருட்டிக்கொண்டிருப்பாள். அவருக்கு அது மிகவும் வலித்தது. 

தடுப்பூசி போடப் போனபோது குழந்தை மருத்துவரம்மா அவள் பின்னால் கை தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை தட்டிப் பார்த்தார். அப்புறம் காது பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

"தள்ளிப் போடாதீங்க. பேச்சு பிடிக்கிற வயசு இது. கோளாறு இருந்தா இப்பவே பார்த்துடணும். லேட்டாச்சுன்னா அவளுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

அன்று மாலை ஸ்பீக்கரின் மனைவி பேச்சை எடுத்தாள். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துப் பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுப்பவள்.

"வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. லீவு போடறீங்களா?"

"காதுக்கு என்ன? நீ மிஷினை மிதிச்சா திரும்பறாளா இல்லையா?"

"திரும்பறா."

திரும்புவது மட்டுமல்ல, தவழ்ந்து வந்து மிஷினின் காலைக் கட்டிக்கொள்வாள். அது மாடி வீடு, பலகைத் தளம்.

"மிஷின் சத்தம் கேட்குது. என் குரல் கேட்காதா? என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்குது. அப்போ கோளாறு காதுல இல்ல."

"வேற எதுல?"

"பேர்ல."

மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

மகளின் பெயர் விஷயத்தில் அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கு நிலுவையில் இருந்தது. பெயர் என்ன என்பதில் தகராறு இல்லை. அதை எழுதுவதில்தான். கடைசியில் ஓர் 'ஏ'யா, இரண்டு 'ஏ'யா, 'ஏ'க்குப் பின்னால் ஓர் 'எச்' உண்டா? பதிவு செய்தபோது மனைவி ஓர் 'ஏ'தான் எழுதினாள். பிறப்புச் சான்றிதழிலும் அப்படியே ஏறிவிட்டது. ஸ்பீக்கரின் அக்காவுக்கு அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. 'எல்' கூட்டிய சலவைக் கடை அம்மாள் இந்த அக்காதான்.

"நான் அப்பவே சொன்னேன்டா, பொம்பளைப் பிள்ளைக்கு ஒத்தை ஏ தாங்காதுன்னு. யாரு கேட்டீங்க? அய்யாகிட்ட கூட்டிட்டுப் போ. எனக்கு 'எல்' போட்ட கை அது" என்றார்.

"அண்ணி, ஒரு ஏ போட்டாலும் ரெண்டு ஏ போட்டாலும் வாயால கூப்பிடறப்ப ஒண்ணாத்தானே வருது? பாப்பாவுக்குப் படிக்கவா தெரியும்?" என்றாள் மனைவி.

இந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. பதில் இல்லாத கேள்வியைக் கேட்டதற்காகத் தம்பி மனைவி மேல் கோபம் மட்டும் வந்தது.

எழுத்தய்யாவிடம் பதில் இருந்தது. அவரிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, அதுதான் அவர் மூலதனம். வெள்ளைக் கோட்டு, தடித்த கட்டை அடி வைத்த செருப்பு. நடந்தால் டொக் டொக்கென்று கேட்கும். நிலத்தின் ஈர்ப்பு தன் உடம்பில் ஏறாமல் இருக்க அந்தக் கட்டை என்று சொல்வார். குழந்தையின் பெயரைக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் போட்டு, கூட்டினார். கூட்டி முடித்துவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

"தொகை ரொம்ப நோஞ்சான். இந்தப் பேரு குழந்தை வரைக்கும் போய்ச் சேரவே இல்ல. பாதி வழியிலேயே விழுந்துடுது."

"அதான் திரும்ப மாட்டேங்கறா" என்றார் ஸ்பீக்கர். அவருடைய விதியை ஒரு பேரறிஞர் வாயால் கேட்டதில் அவருக்குக் கண் கலங்கியது.

"எழுத்து மாறினாலும் சத்தம் ஒண்ணுதானேங்க?" என்று மனைவி இங்கேயும் கேட்டாள்.

"வாய்க்கு ஒண்ணுதாம்மா. அலைக்கு வேற."

"எந்த அலை?"

"கேள்வி கேட்டா கலைஞ்சுடற அலை" என்றார் எழுத்தய்யா, சாந்தமாக. வரிசையில் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

இரண்டு 'ஏ', பின்னால் ஓர் 'எச்' என்று தீர்ப்பாயிற்று. கட்டணம் வாங்கிக்கொண்ட பிறகு முக்கியமான ஒன்றைச் சொன்னார். புதுப் பெயர் உடனே பிடிக்காது. ஊற வேண்டும். அந்த ஊறும் காலத்தில் டாக்டர், பரிசோதனைக் கருவி, குழாய் எதுவும் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் வரக்கூடாது. வந்தால் பெயர் கலைந்துவிடும். கலைந்தால் தான் பொறுப்பில்லை.

"எத்தனை நாள் ஊறணும்?"

"அது பேருக்குத் தெரியும்."

வியாழக்கிழமை போயிற்று. அடுத்துப் பரிசோதனைக்கு வாங்கிய நாளும் போயிற்று. இப்படியே மாதங்கள் ஓடின. மனைவி கேட்கும்போதெல்லாம் "ஊறிட்டிருக்கு, கெடுத்துடாதே" என்றார் ஸ்பீக்கர். அவளும் பெரிய சண்டை எதுவும் போடவில்லை. காரணம், அவளுக்கும் பயம் இருந்தது. பரிசோதனையில் என்ன சொல்வார்களோ என்ற பயம். எழுத்தில்தான் கோளாறு என்றால் திருத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று அவள் மனசும் ஓர் ஓரத்தில் ஆசைப்பட்டது. குழந்தையின் போர்வை ஓரத்தில் பூத்தையலில் போட்டிருந்த பெயரைப் பிரித்து, இரண்டு 'ஏ'யும் ஓர் 'எச்'சுமாகத் தைத்துக்கூட வைத்தாள்.

குழந்தை திரும்பவில்லை. ஸ்பீக்கர் மறுபடி எழுத்தய்யாவிடம் போனார். அய்யா 'எச்'சை 'ஏ'க்கு முன்னால் தள்ளச் சொன்னார். அதற்கும் கட்டணம் உண்டு. மனைவி மறுபடி பிரித்துத் தைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்தார். நாள் முழுக்க மிஷின் ஓடுகிறது, தலைக்கு மேல் ரயில் போகிற மாதிரி இருக்கிறது என்றார். நியாயம்தான். மனைவி ஒரு பழைய மெத்தையை மடித்து மிஷினின் கால்களுக்குக் கீழே போட்டாள். உட்கார்ந்து மிதித்தாள். குழந்தை திரும்பவில்லை.

அவளுக்கு என்னவோ போல் இருந்தது. மெத்தையை உருவிவிட்டு மிதித்தாள். குழந்தை திரும்பிப் பார்த்துத் தவழ்ந்து வந்தது. தூக்கிப் பழைய இடத்தில் விட்டுவிட்டு, மெத்தையைப் போட்டு மிதித்தாள். மிஷின் அதே சத்தம்தான் போட்டது. குழந்தை நூல்கண்டை உருட்டிக்கொண்டிருந்தது. அவள் மிஷின் மேலேயே தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்று அவர் வந்ததும் சொன்னாள். "அவளுக்குச் சத்தம் கேட்கலைங்க. தரை அதிர்றது தெரியுது, அவ்வளவுதான்."

ஸ்பீக்கர் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். செருப்பைச் சுவரோரம் சேர்த்து வைத்தார். பிறகு, "ஊறுறப்ப மத்த சத்தமெல்லாம் அடங்கும்னு அய்யா அன்னைக்கே சொன்னார்" என்றார்.

"எப்பச் சொன்னார்?"

"சொல்லியிருப்பார். ஞாயித்துக்கிழமை மேடையில வச்சுக் கூப்பிடறேன்னு சொல்லியிருக்கார். பாரேன், திரும்புவா."

அவர் குரலில் இருந்த கெஞ்சலைக் கேட்டு அவள் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் நிரம்பி வழிந்தது. உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். மேடையில் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பெரிய அட்டைகள்: ஒன்றில் குழந்தையின் பழைய பெயர், ஒன்றில் புதுப் பெயர். எழுத்தய்யாவின் கையாள் ஒருவன் இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு திரிந்தான்.

முதலில் வேறொரு குழந்தை. பலகை மேடையில், ஜனங்களைப் பார்த்து உட்காரவைத்தார்கள். எழுத்தய்யா அதன் பின்னால் போய் நின்றார். கையாள் குழந்தைக்கு முன்னால் மண்டியிட்டு ஒரு கையால் பழைய அட்டையைப் பிடித்தான். இன்னொரு கை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தது. எழுத்தய்யா கூப்பிட்டார். எந்தக் குழந்தை சாவிக்கொத்தை விட்டுவிட்டுத் திரும்பும்? திரும்பவில்லை. கூட்டம் உச்சுக்கொட்டியது. அடுத்து புது அட்டை. சாவிக்கொத்து இடுப்புக்குப் போய்விட்டது. எழுத்தய்யா கூப்பிட்டார். குழந்தை வெடுக்கென்று திரும்பியது. கைதட்டல் கூரையைத் தொட்டது.

அப்புறம் ஸ்பீக்கரின் மகள். புது இடத்தில் அழுவாள் என்று சொல்லி மனைவியும் மேடையேறி, குழந்தைக்குப் பக்கத்தில் கையைத் தரையில் ஊன்றி உட்கார்ந்தாள். ஸ்பீக்கரும் மேடையிலேயே ஓரமாக நின்றார்.  பழைய பெயர்: சாவிக்கொத்து ஆடியது, குழந்தை திரும்பவில்லை. புதுப் பெயர்: சாவிக்கொத்து மறைந்தது, எழுத்தய்யா கூப்பிட்டார், குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

ஸ்பீக்கர் அங்கேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அக்கா முன்வரிசையில் எழுந்து நின்று தட்டினார். முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலி மேல் ஏறி நின்று தட்டினார்.

மனைவி மட்டும் ஊன்றிய உள்ளங்கையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்தய்யா இரண்டாவது தடவை கூப்பிட்டபோது அந்தக் கைக்கு அடியில் பலகை துள்ளியது. முதல் தடவை துள்ளவில்லை.

"அய்யா, இன்னொரு தரம் கூப்பிடுங்க" என்றாள்.

"பேரை வீணாக்கக் கூடாதும்மா."

"இனிமே நாங்க தினமும் கூப்பிடத்தானே போறோம். இன்னொரு தரம் நல்லா பார்த்துக்கறேன். அட்டையை எங்க அண்ணி பிடிக்கட்டும், கைராசிக்காரங்க."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடி வந்தார். கூட்டமும் இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றது. எழுத்தய்யாவுக்கு வேறு வழியில்லை. மனைவி அவரைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று கூப்பிடச் சொன்னாள். அதில் என்ன இருக்கிறது என்று அவரும் திரும்பி நின்றார். அவள் அக்காவின் கையில் ஓர் அட்டையைக் கொடுத்தாள். அக்கா அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

எழுத்தய்யா கம்பீரமாகக் கூப்பிட்டார். குழந்தை திரும்பியது. கூட்டம் தட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. அக்கா பிடித்திருந்தது பழைய அட்டை.

"பழைய பேருக்குல்ல திரும்புது" என்றது ஒரு குரல்.

எழுத்தய்யா திரும்பிப் பார்த்தார். அசரவில்லை. "பழைய பேரு உடம்பை விட்டுப் போறப்ப கடைசியா ஒரு தரம் திரும்பும். நல்ல அறிகுறி" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மனுஷன் திறமைசாலிதான், அதைச் சொல்லியாக வேண்டும்.

"சரிங்க" என்ற மனைவி, குழந்தையைத் தூக்கிக் கணவரின் தோளில் போட்டாள். முகம் அவர் முதுகுப் பக்கம் பார்த்தபடி இருந்தது. "இப்பக் கூப்பிடுங்க. எந்தப் பேரை வேணும்னாலும்."

எழுத்தய்யா கூப்பிட்டார். குழந்தை அப்பாவின் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டிருந்தது. இன்னும் உரக்கக் கூப்பிட்டார். அப்போதுதான் ஸ்பீக்கருக்குத் தன் பாதத்தில் அது தெரிந்தது. பெயரின் கடைசி எழுத்தோடு சேர்ந்து கட்டைச் செருப்பின் குதிகால் பலகையில் இறங்கியது. பெரிய சத்தம் இல்லை. ஆனால் கால் கூசியது. மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவர் பெயரைக் கேட்கவே இல்லை. குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழந்தைக்குத் தூக்கம் வந்துடுச்சு" என்றார் எழுத்தய்யா.

மனைவி குழந்தையை வாங்கிப் பலகையில் உட்காரவைத்தாள். அதன் பின்னால் போய் நின்றாள். வாயை இறுக்க மூடிக்கொண்டு, குதிகாலால் ஒரு மிதி மிதித்தாள்.

குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"நான் பேரே சொல்லல" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "எந்த எழுத்துக்குத் திரும்பினா?"

 அப்புறம் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அது அப்படியே முன்னால் பரவி வந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்து, மேடையைத் தன் காலால் மிதித்துப் பார்த்தார். குழந்தை அவருக்கும் திரும்பியது. சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

ஸ்பீக்கர் சிரிக்கவில்லை. மகளைத் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, சிமெண்டுத் தரையில் உட்காரவைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். மூச்சை இழுத்தார். அலுவலகத்தில் கூடத்தையே எழுப்புகிற அந்தக் குரலில் அவள் பெயரைக் கூப்பிட்டார்.

அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். வாசலில் வண்டி நிறுத்திக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் மகள் மட்டும் தரையில் கிடந்த அட்டையின் முனையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

எழுத்தய்யா இந்த அமைதியைப் பயன்படுத்திக்கொண்டார். பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனவர் வெறுங்காலோடு போயிருக்கிறார். நிலத்தின் ஈர்ப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை, நன்றாகவே ஓடினார். கையாளை மட்டும் பிடித்து உட்காரவைத்தார்கள். கூட்டம் அவனைச் சுற்றிக்கொண்டது. அடிக்க என்று நினைக்காதீர்கள். ஆலோசனை கேட்க. "என் பேர்ல சேர்த்த எழுத்தை இப்ப எடுத்துடலாமா? எடுத்தா ஏதாவது கெடுதல் வருமா?" என்று கேட்டவர்களில் முன்னால் நின்றவர் அக்கா.

ஸ்பீக்கர் மறுநாள் லீவு போட்டார். பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவர்கள் கொடுத்த காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குழம்பினாள்.

"ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கே சார். பாப்பா பேரை எப்படி எழுதணும்?"

"எப்படி வேணும்னாலும் எழுதிக்கம்மா. முதல்ல காதைப் பாருங்க" என்றார் ஸ்பீக்கர்.

இரண்டு காதும் வெகுவாக மந்தம். கருவி வைத்தால் கேட்கும், பழக்கினால் பேச்சும் வரும் என்றார்கள். முதலில் குறித்துக் கொடுத்த வியாழக்கிழமையே ஏன் வரவில்லை என்று மருத்துவர் கேட்டார். பெயர் ஊறிக்கொண்டிருந்தது என்று சொல்ல ஸ்பீக்கருக்கு வாய் வரவில்லை.  அந்த மாதங்களை யாரும் அவளுக்குத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. அது அவருக்குத் தெரிந்திருந்தது.

சில வாரங்கள் கழித்துக் கருவி வந்தது. அவள் காதுகளில் மாட்டினார்கள். தரைவிரிப்பு போட்ட அறை, எந்தப் பலகையும் இல்லை. மகளின் பின்னால் நின்ற ஸ்பீக்கர் கூப்பிட வாயைத் திறந்தார்.  பெயர் வரவில்லை, இருமல்தான் வந்தது.

குழந்தை விளையாட்டை நிறுத்தியது. கண்ணை அகல விரித்துத் திரும்பி, அவரையே பார்த்தது.

இருமலுக்கு எத்தனை 'ஏ' என்று கணக்குப் போட்டுக் கொடுக்க இன்னும் யாரும் கடை திறக்கவில்லை. திறந்தால் அதற்கும் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும். எழுத்தைக் கூட்டிக் கழிக்க விரல்கள் போதும், ஐயா. குழந்தை ஏன் திரும்பவில்லை என்று கேட்கத்தான் தலை வேண்டும். அது எல்லோருக்கும் ஒன்று இருக்கிறது. பெயரில் எழுத்து சேர்ப்பதை விட்டுவிட்டு, அதைக் கொஞ்சம் எடுத்துப் பயன்படுத்துங்கள்.